தேங்காய் நின்ற இடம்

அத்தியாயம் 18

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அறிவுமதி கவனிக்கவில்லை. சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்குள் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்த ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே தோட்டத்தின் தென்மேற்கு மூலை. கிளுவை வேலியை ஒட்டி உழவு படாமல் கிடக்கிற ஒரு துண்டு நிலம். அதன் நடுவில், முந்தாநாள் வரை இல்லாத ஒரு கல் உட்கார்ந்திருந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். அந்த இடத்தில்தான் இன்று போர் போடப் போகிறார்கள்.

அந்தக் கல்லுக்குக் கீழே, இடுப்பளவு ஆழத்தில், அவள் புருஷன் ஜீவாவின் வலது கால் இருக்கிறது.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அறிவுமதி. இன்னொருவர் அவள் மாமனார் காளியண்ணன். காலுக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது.

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லியாக வேண்டும். ஜீவா ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன். ஆந்திராவில் வேலை முடிந்து திரும்பும்போது, சங்ககிரி தாண்டி, ஊர் கண்ணுக்கெட்டுகிற தூரத்தில் அவன் வந்த லாரி முன்னால் போன லாரியில் மோதியது. பின்னால் அடுக்கியிருந்த இரும்பு ராடுகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு கேபினுக்குள் பாய்ந்தன. டிரைவரும் கூட வந்த சமையல்காரரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். ஜீவா பிழைத்தான். வலது கால் தொடையோடு போனது. மூன்று வருஷம் ஆகிறது.

நினைவு திரும்பி, போர்வையைத் தூக்கிப் பார்த்தவன் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

“எவன் என்ர காலை எடுக்கச் சொன்னது? எவன் சரின்னு சொன்னானோ, அவன் மூஞ்சியில சாகற வரைக்கும் முழிக்க மாட்டேன்!”

சரி என்று சொன்னவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இளநீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் காளியண்ணன் முந்திக்கொண்டார்.

“யாரும் சொல்லல சாமி. நாங்க வந்து சேர்றதுக்கு முன்னாலயே டாக்டருங்க எடுத்துப்போட்டாங்க. அடக்கமும் ஆஸ்பத்திரியிலயே ஆயிப்போச்சு.”

அந்த நேரத்துக்கு அந்தப் பொய் மருந்தாகத்தான் இருந்தது. மருந்தை எப்போது நிறுத்துவது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்தப் பொய்யின் மேல் ஒரு படமே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து கயல்விழி என்ற பெண், கேமராக்காரன் கௌதமனோடு வந்து தங்கி, ஜீவா விபத்திலிருந்து மீண்ட கதையை ஆவணப்படமாக எடுக்கிறாள். செயற்கைக் கால் மாட்டி நடக்கப் பழகியது, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் சேலம் வரை போய்ப் புதிதாகக் கால் இழந்தவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வருவது எல்லாம் எடுத்தாயிற்று. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. ஜீவா மறுபடி ரிக் வண்டியின் லீவரைப் பிடித்து, சொந்தத் தோட்டத்தில் போர் போட வேண்டும். அவனுடைய பழைய முதலாளி சின்னராஜ் அதற்கென்றே வண்டி அனுப்பியிருந்தார். தானும் கூட வந்திருந்தார்.

நேற்று அறிவுமதி, படக்காரர்களுக்குச் சமைத்துப் போட வேண்டுமே என்று செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போயிருந்தாள். போன நேரம் பார்த்து நீரோட்டம் பார்க்கிற தங்கமுத்து வந்து கல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டுத்தரைக்கு ஓடினாள். காளியண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பாவனையில் காலியான வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாமா, வண்டி வந்துருச்சுங்க.”

“பாத்தேன் அம்மிணி.”

“நேத்தைக்கு நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? அந்த இடத்துல கல்லு வெக்கற வரைக்கும் பாத்துட்டு நின்னீங்களாக்கும்?”

“என்ன பண்ணச் சொல்ற? தங்கமுத்து உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டுத் தோட்டம் பூரா சுத்துனான். எங்கயும் அசையல. அங்க வந்ததும் எந்திரிச்சு நின்னுபோச்சு. அருகம்புல்லு பச்சைப் பசேல்னு கெடக்குது, கீழ ஊத்து ஓடுதுங்கறான். நான் என்னத்தச் சொல்லி மறுக்கறது?”

பச்சைக்குக் காரணம் ஊற்று இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக அந்தத் துண்டில் அவர் ஏர் வைக்கவில்லை. ஆட்டைக்கூட மேய விடவில்லை. புல் வளராமல் வேறென்ன செய்யும்?

ஆஸ்பத்திரியில் காலைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்தபோது, ஊர்ச் சுடுகாட்டில் புதைத்துவிடலாம் என்றுதான் உறவுக்காரர்கள் சொன்னார்கள். காளியண்ணன் முடியாது என்றுவிட்டார். ஆள் உயிரோடு கிடக்கும்போது கால் மட்டும் சுடுகாட்டுக்குப் போனால், அது மீதி ஆளையும் கூப்பிட்டுக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். ஆஸ்பத்திரிக்காரர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உறவுக்காரர்களை அனுப்பிவிட்டு, சொந்த நிலத்தில், தன் கையாலேயே குழி வெட்டி, உப்புக் கொட்டி மூடினார். ஒரு குழிக்கு ஒரு மூட்டை உப்பு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தென்னைக்கா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

“அவருகிட்ட இப்பவே சொல்லிப்போடலாமுங்க மாமா.”

“இப்பவா? கேமராவை நீட்டிக்கிட்டு ரெண்டு பேரு பின்னாலயே திரியறாங்க. என்னைக்கோ சொல்லியிருக்கோணும். இன்னைக்கு வேண்டாம். இரு, வண்டி திரும்பறதுக்குள்ள நான் கல்லை நகத்தி வெச்சுட்டு வாரேன்.”

வாளியைப் போட்டுவிட்டு வேகமாக நடந்தார். இந்த வயசில் அப்பன் மகனுக்குத் தெரியாமல் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. நாலு எட்டு தள்ளி வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஜீவா இறங்கினான். செயற்கைக் கால் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. அவனுக்கு முன்னால் கௌதமன் கேமராவைத் தோளில் வைத்துப் பின்பக்கமாகவே நடந்து வந்தான். வரப்பில் ஒருமுறை தடுக்கியும் விட்டான்.

“கல்லை யாரு நகத்துனது?”

“யாரும் நகத்தலயே சாமி.”

“அப்பா, ஊரு ஊராப் போயி போர் போட்டவன் நான். பாயிண்ட் எங்க இருந்துச்சுன்னு தெரியாதுங்களா? அந்தக் கிளுவைக் கவைக்கும் இந்தப் பனைக்கும் நேரா இருந்துச்சு. இப்ப அக்கட்டால போயி உக்காந்திருக்குது.”

காளியண்ணன் தொண்டையைச் செருமினார். “கன்னி மூலையில குழி போடப்படாது சாமி. ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்க.”

“ஊட்டு ஆம்பளைக்கு ஆகறதெல்லாம் ஆயிப்போச்சுங்க. இன்னும் ஒரு காலுதான் மிச்சம், அதையும் பாத்துரலாம்!”

சின்னராஜ் சிரித்தார். கயல்விழி கையைத் தட்டினாள். “சூப்பர் அண்ணா! அதை இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்றீங்களா?”

ஜீவா சொன்னான். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். படம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம் வந்திருந்தது. பிறகு கல்லைத் தானே தூக்கிப் பழைய இடத்தில் வைத்தான்.

“ஏனுங்கப்பா, மூணு வருசமா இந்தத் துண்டை மட்டும் உழுகாம உட்டு வெச்சிருந்தீங்களே. கீழ தண்ணி இருக்குதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாக்கும்?”

காளியண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளுவை வேலியில் ஒரு முள்ளை ஒடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கயல்விழி சமையலறைக்கு வந்தாள்.

“மதி அக்கா, பூஜை நீங்கதான் பண்ணணும். உங்க கல்யாணப் புடவையைக் கட்டிக்கங்களேன். ஃபிரேம்ல நல்லா இருக்கும்.”

“அது இல்லம்மா. எலி கடிச்சிருச்சு.”

“இளம்பிள்ளைப் பட்டுங்க,” வெளியிலிருந்து ஜீவாவின் குரல் வந்தது. “தறிக்காரரு ஊட்டுக்கே போயி எங்கப்பா எடுத்தாந்த கூறைச் சேலை. பத்தரமா வெச்சிருக்கறன்னு பொட்டியில வெச்சு எலிக்கு விருந்து போட்டுட்டா!”

அறிவுமதி தலை நிமிராமல் டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். கூறைச் சேலையைப் பறிகொடுத்தவள் முகத்தில் ஏன் வருத்தம் இல்லை, பயம் இருக்கிறது என்று கயல்விழி யோசித்திருக்கலாம். அவள் கவனமெல்லாம் வெளிச்சத்தில் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஜீவாவின் பேட்டியை முடித்துவிட வேண்டும்.

ரிக் வண்டியில் சாய்ந்து நிற்க வைத்து, சட்டைக்குள் மைக் மாட்டி, கேள்வியைக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப உங்களை எழுந்து நிக்க வெச்சது எது அண்ணா?”

ஜீவா கேமராவை விட்டுக் கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தான். இது கேமராவுக்காக இரண்டு தடவை சொல்கிற பேச்சு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“காலு போச்சுன்னு தெரிஞ்சதும் செத்துத் தொலையலாம்னுதான் இருந்துச்சுங்க. கூட வந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க, நான் மட்டும் எதுக்குன்னு. அப்பறம் ஒண்ணு நெனைச்சேன். என்ர ஊட்டுல ஒருத்தரும் இதுக்கு ஒத்துக்கல. எங்கப்பாவோ மதியோ அங்க இருந்திருந்தா உட்டிருக்கவே மாட்டாங்க. டாக்டரு கையைப் புடிச்சுத் தடுத்திருப்பாங்க. நம்மளை முழுசா வேணும்னு நெனைக்கறவங்க ஊட்டுல இருக்கறாங்கல்ல? அந்தத் தெம்புலதானுங்க எந்திரிச்சேன்.”

டீத் தட்டோடு வந்த அறிவுமதி வண்டியின் டயருக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. முழுசாக வேண்டுமாம்! பாதியாவது கொடுங்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கையேந்தி நின்றவள் அவள். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் எழுந்து நிற்கிற தெம்பே போய்விடும். தெரியாவிட்டால், இன்னும் சற்று நேரத்தில் மண்ணே சொல்லிவிடும். எப்படிப் போனாலும் அவள்தான் குற்றவாளி.

பேட்டி முடிந்ததும் கிட்டப் போனாள்.

“ஏனுங்க, ஒரு நிமிசம் இப்படி வர்றீங்களா? ஒண்ணு சொல்லோணும்.”

“மைக்கு மாட்டியிருக்குது மதி. நீ குசுகுசுன்னு சொல்றது சென்னை வரைக்கும் கேக்கும்.” சிரித்தான். “போர் முடியட்டும், பொழுதோட பேசிக்கலாம்.”

கயல்விழியும் சிரித்தாள். அறிவுமதி டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

வண்டியைக் கல்லுக்கு நேராக நிறுத்தி, ஜாக்கிகளை இறக்கினார்கள். படுத்திருந்த ‘மாஸ்ட்’ என்கிற இரும்புக் கோபுரம் முனகிக்கொண்டு எழுந்து நின்றது. ஜீவா கயல்விழிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“கம்ப்ரசர் ஓடறப்ப காதுல கத்துனாலும் கேக்காதுங்க. எல்லாம் கை ஜாடைதான். உள்ளங்கையைத் தூக்குனா ராடை மேல ஏத்து. கீழ காட்டுனா எறக்கு. விரலை மடக்கிக் கை முட்டியைத் தலைக்கு மேல தூக்குனா நிறுத்து. முட்டியைத் தூக்கறது யாரு, என்ன ஏதுன்னு கேக்கப்படாது. மொதல்ல நிறுத்தோணும், அப்பறந்தான் கேள்வி. நிறுத்தாத டிரில்லரை எந்த வண்டியிலயும் ஏத்த மாட்டாங்க.”

கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழை இலை போட்டார்கள். பழம், வெற்றிலை, எலுமிச்சை. சூடம் காட்ட அறிவுமதியைக் கூப்பிட்டார்கள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது.

“ரெண்டு குச்சியும் போச்சா? கேமரான்னதும் பயம்!” என்று ஜீவா தீப்பெட்டியை வாங்கித் தானே பற்ற வைத்தான்.

சூடம் எரிந்து முடிந்தது. எலுமிச்சையை டயருக்கு அடியில் வைத்து நசுக்கினார்கள். ஜீவா படியில் ஏறி லீவர்களுக்கு முன்னால் நின்றான். அத்தனை நாளைக்குப் பிறகு அந்த இடத்தில் நிற்கிறவன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான். கம்ப்ரசர் உறுமியது.

போர் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராடு வழியாகக் காற்றைக் கீழே அனுப்பினால், கீழே இருப்பது எதுவானாலும் அந்தக் காற்று அதை வெளியே தள்ளிவிடும். முதலில் செம்மண் பறக்கும், பிறகு சரளை, பிறகு கல்மாவு. நிலம் எதையும் மறைத்து வைத்துக்கொள்ள முடியாது. இன்றைக்குச் செம்மண்ணோடு என்ன பறக்கும் என்று அறிவுமதிக்குத் தெரியும். அது அவன் முகத்தில் வந்து விழும். கேமராவுக்கு முன்னால் விழும்.

வேலி ஓரத்தில் காளியண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

‘பிட்’ என்கிற இரும்புப் பல் வைத்த ராடு இறங்கத் தொடங்கியது. ஆள் உயரம். இடுப்பு உயரம்.

அறிவுமதி எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சின்னராஜ் கத்தியது வாயசைப்பாக மட்டும் தெரிந்தது. நேராகப் போய் வாழை இலையின் மேல், இறங்கிக்கொண்டிருந்த இரும்புக்குப் பக்கத்தில் நின்றாள். கை முட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

ராடு நின்றது. ஜீவாவுக்கு அவள் யார் என்பதுகூட அந்த நொடியில் பதிந்திருக்காது. முட்டியைப் பார்த்ததும் டிரில்லரின் கை லீவரை நிறுத்திவிட்டது. கம்ப்ரசரும் அடங்கியது.

“பைத்தியமா உனக்கு? பிட்டுக்குக் கீழ வந்து நிக்கற!”

“கீழ உங்க காலு இருக்குதுங்க.”

யாருக்கும் புரியவில்லை. சின்னராஜ் ஜீவாவின் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

“என்ன காலு?”

“உங்க காலு. ஆஸ்பத்திரியில அடக்கம் பண்ணல. இங்கதான் வெச்சிருக்கறோம். இந்தத் துண்டை மாமா உழுகாம உட்டதும் அதனாலதானுங்க.”

ஜீவா படியிலிருந்து இறங்கினான். நடந்து வந்து அவளுக்கு எதிரே நின்று, அவள் காலடியில் இருந்த வாழை இலையைப் பார்த்தான்.

“ஆஸ்பத்திரியிலருந்து வாங்கியாந்தது யாரு? நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாலயே எல்லாம் ஆயிப்போச்சுன்னு...” அவன் குரல் பாதியில் நின்றது. மீதியை அவனே கண்டுபிடித்துவிட்டான். “அப்ப நீங்க அங்க இருந்தீங்க.”

அறிவுமதி வாழை இலையை விட்டு நகரவில்லை.

“எடுக்கறப்ப அங்கதான் இருந்தீங்க. உங்களக் கேட்டிருக்காங்க. யாரோ சரின்னு சொல்லியிருக்காங்க. யாரு?”

“நான்தான் சாமி.” காளியண்ணன் தடுமாறி எழுந்து வந்தார். “டாக்டருகிட்ட நான்தான் சரின்னேன். அம்மிணிக்கு ஒண்ணும் தெரியாது. என்னைத் திட்டு, என்ர மூஞ்சியில முழிக்காத. எனக்கு என்ன, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்?”

அறிவுமதி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பன் மேல் வந்த கோபம் ஒரு பொங்கல், ஒரு தீபாவளிக்குள் தணிந்துவிடும். பெண்டாட்டி மேல் வருகிற கோபத்துக்கு ஆண்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு. பிழைக்கத் தெரிந்தவள் எவளும் அந்த இடத்தில் பேசியிருக்க மாட்டாள். அறிவுமதி பேசினாள்.

“இல்லீங்க. மாமாவுக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே மயக்கம் வந்துருச்சு. பெஞ்சுல படுக்க வெச்சிருந்தாங்க. நான்தான் சரின்னேன்.”

“நீயா?”

“காலு வேணுமா, ஆளு வேணுமான்னு டாக்டரு கேட்டாருங்க.”

ஜீவாவின் தாடை இறுகியது. “எத்தனை நேரம் யோசிச்ச?”

இந்தக் கேள்விக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அழுதேன், புலம்பினேன், காலில் விழுந்து கெஞ்சிப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“யோசிக்கவே இல்லீங்க,” என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மாஸ்ட்டை எறக்கச் சொல்லுங்கண்ணா,” என்றான் சின்னராஜிடம். “வண்டியை அந்த வேப்ப மரத்துப் பக்கம் கொண்டு போலாம்.”

“பாயிண்ட்டு?”

“நான் சொல்றேன்.”

கயல்விழி மெதுவாகக் கேட்டாள். “கேமராவை நிறுத்திடட்டுமா அண்ணா?”

“நிறுத்துனா நடந்தது இல்லன்னு ஆயிருமா? எடுங்க. காத்தால நான் வண்டியில சாஞ்சு நின்னு பேசுனேனில்ல, அதை மட்டும் அழிச்சுருங்க.”

படத்தின் உயிரே அந்தப் பேச்சுதான் என்று கயல்விழிக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கம் தேங்காயும் இல்லாமல் பூஜையும் இல்லாமல் ஜீவா காலால் ஒரு கோடு கிழித்தான். வண்டி அங்கே போய் நின்றது. அதன் பிறகு நாள் முழுக்க அவன் அறிவுமதியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சாப்பாட்டுத் தட்டை நீட்டியபோது கண்ணை ராடில் வைத்துக்கொண்டே வாங்கினான். தண்ணீர்ச் சொம்பை அவள் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்ட சபதத்தை இவ்வளவு நாள் கழித்து நிறைவேற்றிக்கொண்டிருந்தான்.

வெள்ளைக் கல்மாவு பறந்துகொண்டே இருந்தது. மரம், மாடு, கேமரா, மனிதர்கள் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை.

சமையலறை வாசலில் காளியண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நான் சொன்னதை எதுக்கு அம்மிணி மறுத்த? என்ர மேலயே போயிருக்குமில்ல?”

“இன்னொரு பொய்யையும் பொதைக்கறதுக்கு நம்ம தோட்டம் பத்தாதுங்க மாமா.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

“உட்டுட்டுப் போயிருவானா?”

“தெரியலீங்க.” அவளுக்கு அப்போதுதான் குரல் உடைந்தது. “போனாலும் நடந்துதான போவாரு? அது போதும் எனக்கு.”

பொழுது சாய்கிற நேரத்தில் கம்ப்ரசரின் சத்தம் மாறியது. பறந்த மாவு முதலில் நனைந்தது, பிறகு சேறானது, பிறகு ஒரே வீச்சாகத் தண்ணீர் எழுந்து வேப்பங்கிளையைத் தொட்டு விழுந்தது. சின்னராஜ் விரலைக் காட்டி ஒரு இஞ்சுக்கு மேலே இருக்கும் என்றார். கௌதமன் கேமராவைத் துணியால் மூடிக்கொண்டு ஓடினான். யாரோ விசில் அடித்தார்கள்.

முதல் தண்ணீரை வீட்டுப் பெண்தான் குடத்தில் வாங்கி உள்ளே கொண்டு போக வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கம் அது. கோபதாபத்துக்கெல்லாம் அதில் இடமில்லை. அறிவுமதி குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜீவா கையை நீட்டினான். குடத்தை மட்டும் பார்த்து வாங்கினான். குழாய் வாயில் ஊறி வழிந்த தண்ணீரில் பிடித்தான். கலங்கிய தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

“எதுல சுத்துனீங்க?” என்று குடத்தைப் பார்த்தே கேட்டான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“என்ர கூறைச் சேலையிலீங்க.”

“எலி...”

“எலி கடிக்கலீங்க. கோடித் துணி வாங்கிச் சுத்தறேன்னாரு மாமா. நான் ஒத்துக்கல. கோடி போட்டா செத்தவங்களுக்குப் போட்டாப்பல ஆயிருமில்ல? உசுரோட இருக்கறவருக்கு எதுக்குக் கோடி? பொட்டிச் சாவியைக் குடுத்து, கூறைச் சேலையை எடுத்துச் சுத்துங்கன்னேன்.”

குடம் நிறைந்து வழிந்து அவன் சட்டையை நனைத்தது. அவன் அதை எடுக்கவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தி அவள் முகத்தை நேராகப் பார்த்தான். இமையெல்லாம் கல்மாவு படிந்திருந்தது. கோபம் இன்னும் போகவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“காத்தால கெளம்பி நில்லு. சேலம் போறோம்.”

“எதுக்குங்க?”

“அந்த டாக்டரைப் பாக்க.” குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தான். “காலு வேணுமா, ஆளு வேணுமான்னு உன்கிட்டக் கேட்டாரில்ல? அதே கேள்விய என்ர மூஞ்சியப் பாத்து அவரு ஒருக்கா கேக்கட்டும். நானும் யோசிக்காம என்ன சொல்றேன்னு நீ பக்கத்துல நின்னு கேளு.”